அலையாத்திக் காட்டில் ஒரு குறிப்பேடு

புயலிலோ வெள்ளத்திலோ வறட்சியிலோ அடிபட்ட ஓர் உயிரினம், அல்லது ஒரு காடு முழுவதுமே, மறுபடி தலையெடுக்கும் ஆற்றலை மீள்திறன் என்பர். சூழலியலில் இக்கருத்துக்கு அடித்தளம் போட்டது 1973இல் சி. எஸ். ஹாலிங் என்ற கனடா நாட்டு அறிவியலர் எழுதிய கட்டுரை. அசையாமல் நிற்பது ஒன்று, ஆட்டம் கண்ட பிறகும் உறவுகள் அறுந்துபோகாமல் தொடர்வது இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். நிலையாகத் தெரியும் ஓர் இடம் ஒரே அடியில் சரிந்துவிடலாம். எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் இடம் நூற்றாண்டுகள் தாக்குப்பிடிக்கலாம்.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். ஓரிடத்துக்குப் பலமுறை சென்று, கண்டதை எழுதி, எழுதியதைத் தன் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அது வேறு விதமாகப் பிடிபடும். அப்படி எழுதும் முறையே இந்த அத்தியாயத்தின் பொருள். நாணலைப் போல வளைந்து கொடுக்க வேண்டும் என்ற அறிவுரை எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடமாகிவிட்டதாலேயே நாணலை யாரும் நின்று பார்ப்பதில்லை. குறிப்பேட்டின் முதல் வேலை, கேட்டுப் பழகிய பாடங்களை ஓரமாக வைத்துவிட்டு நாணலைப் பார்க்க வைப்பது.

இடம்

கடலூர் மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பான இடங்கள் பல உண்டு. அவற்றுள் முதலிடம் பிச்சாவரத்துக்கு. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில், சிறு தீவுகளும் ஓடைகளுமாகச் சுமார் 1,100 எக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு கிடக்கிறது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தில் எம்.ஜி.ஆர் படகில் போன ஓடைகள் என்றுதான் பலருக்கு இன்னும் நினைவு. சுற்றுலாவாக வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குறிப்பேட்டுடன் வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரே மரத்துக்குக்கூடப் போதாது.

எழுதுவதற்கு இந்தக் காடு ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், இங்கே எதுவும் அரைநாள் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதே. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. கோடையில் தண்ணீர் கரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் வந்து கலந்து உப்பு இறங்குகிறது. தொல்லை என்பது இங்கே அன்றாட நிலைமை. அதைச் சமாளிக்கும் வழிகளும் கண்ணுக்குத் தெரியும்படி வேரிலும் இலையிலும் இருக்கின்றன.

பிச்சாவரம் போக முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கடலூர் தேவனாம்பட்டினம் மணற்பரப்பில் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருக்கின்றன. காற்று மணலை வாரிக் கொடியின் மேல் கொட்டும்; அடம்பு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலுக்கு மேலே வந்துவிடும். வீராணம் ஏரியின் கரை, வீட்டுக் கொல்லையில் வெட்டிப்போட்ட முருங்கை, எதுவானாலும் சரி. திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

நேரமும் கைப்பொருளும்

ஓதத்தைப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். நாளுக்கு நாள் அந்த நேரம் முக்கால் மணிக்குச் சற்று மேலாகத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும். மூச்சுவேர்களையும் சேற்று உயிர்களையும் பார்க்க வேண்டுமானால் வற்றம். ஓடைகளுக்குள் ஆழமாகப் போக வேண்டுமானால் ஏற்றம். ஒரே மரத்தை இரண்டு நிலையிலும் பார்த்து எழுதினால்தான் அதன் கதை முழுமையாகும். படகில் மோட்டாரைவிடத் துடுப்பு நல்லது. குறுகிய ஓடைக்குள் அதுதான் நுழையும், சத்தமும் இல்லை. துடுப்பு வலிப்பவர் பக்கத்து ஊர்க்காரர். மரத்தின் பெயரையும் மண்ணின் போக்கையும் அவரிடம் கேட்பது எந்தக் கையேட்டையும்விடப் பயன் தரும்.

கோடு போடாத ஒரு நோட்டு, பென்சில், ஈரம் புகாத உறை. உப்புக் காற்றில் மை இழுகும், பென்சில் எழுத்து நிற்கும். கைபேசியில் படம் எடுப்பதை எழுதி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் படம் எடுத்துவிட்டால், பார்த்தாகிவிட்டது என்று மனம் ஓய்ந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கக் கூடாது. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே சிலகாலம் மங்கக்கூடும். சேற்றில் நீட்டி நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்கக் கூடாது. மரம் மூச்சுவிடும் வழி அது.

பக்கத்தை அமைப்பது

குறிப்பேட்டுக்கு வெளிநாட்டு வார்ப்புகள் நிறையக் கிடைக்கின்றன. தமிழில் எழுதுகிறவருக்குத் தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்ற வரிசையே போதும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்து மரம், பறவை, விலங்கு, தொழில். உரிப்பொருள் மனிதருக்குரிய உணர்வு. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்குரியது இரங்கல் என்று பழைய பாடல்கள் எழுதப்பட்டபோதே கண்டலும் தில்லையும் ஞாழலும் அவற்றில் இடம்பெற்றுவிட்டன. நிலத்தின் மேல் உணர்வை ஏற்றிச் சொல்லும் பழக்கம் இந்த மொழிக்குப் புதிதில்லை. புலவர்கள் அதற்கு முன் நிலத்தை நன்றாகப் பார்த்திருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நோட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக இந்த வரிசையில் நிரப்ப வேண்டும். உரி என்ற பகுதியைக் கடைசிவரை காலியாகவே வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் காலியாகவே விட்டுவிடலாம். வெற்றிடத்தை நிரப்புவதற்காக எழுதிய பாடம் ஊசிப்போன பாடம். ஒரு பக்கம் கீழ்க்கண்டவாறு அமையலாம்:

‘மார்கழி, வளர்பிறை. காலை ஏழரை. நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. காற்று வடகிழக்கு, லேசாக.

வெண்கண்டல், ஓடையின் இடது கரை. அடிமரத்தில் ஈரக்கோடு முழங்கை உயரம். மூச்சுவேர்கள் ஒரு சாண், சில அதற்கும் கூட. கரையோரம் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் கலைந்தும். ஒரு கிளை ஒடிந்து தொங்குகிறது. ஒடிந்த இடத்துக்குக் கீழே மூன்று தளிர். நண்டு வளை ஏழு எண்ணினேன், படகு ஆடியதில் கணக்கு விட்டது.

கடையை மூடி எட்டு மாதம். பெயர்ப் பலகையை இன்னும் இறக்கவில்லை.’

கடைசி வரி ஏன் வந்தது என்று எழுதியவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை. ஒடிந்து தொங்கும் கிளையைப் பார்த்ததால் அது வந்திருக்கிறது. அடுத்த முறை அதே மரத்துக்கு வரும்போது கிளை விழுந்திருக்கிறதா, தளிர் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எண், அளவு, திசை, நிறம் ஆகியவை முதலிலும், உவமை கடைசியிலும் வர வேண்டும். பல பத்தாண்டுகள் இந்திய விலங்குகளையும் பறவைகளையும் பார்த்து எழுதிய மா. கிருஷ்ணனின் (1912–1996) தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. காக்கையையும் அணிலையும் எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மரங்கள், மூன்று வழிகள்

பிச்சாவரத்தில் மிகுதியாக இருப்பது வெண்கண்டல். காற்றே புகாத சேற்றில் அதன் கிடைவேர்கள் படர்ந்திருக்க, அவற்றிலிருந்து குச்சி குச்சியாக மூச்சுவேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, நீர் வற்றும் நேரத்தில் காற்றை வாங்குகின்றன. உப்பைப் பொறுத்தவரை இதன் வழி, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது. மழை பெய்யாத நாளில் இலையைக் கூர்ந்து பார்த்தால் மேலே உப்புப் பொடி பூத்திருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும்.

சுரபுன்னை வேறு மாதிரி. உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் வில்லாக வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் சேற்றில் பல புள்ளிகளில் ஊன்றிக்கொள்கின்றன. விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, முற்றியதும் விழுகிறது. நீர் வற்றியிருந்தால் அங்கேயே குத்தி நிற்கும், ஏறியிருந்தால் மிதந்து வேறு கரையில் ஒதுங்கும்.

தில்லைக்கு மூச்சுவேரும் இல்லை, தாங்குவேரும் இல்லை. ஓதம் அடிக்கடி எட்டாத சற்றே மேடான இடத்தில் நிற்கிறது. வேர்கள் தரையின் மேலாகப் பின்னிக் கிடக்கின்றன. இலைகள் உதிரும் முன் செக்கச் சிவக்கும். சிதம்பரம் கோயிலின் தல மரம் இது. ஊருக்கே தில்லை என்று பெயர் தந்த காடு இன்று கோயிலைச் சுற்றி இல்லை, அந்த மரத்தைப் பார்க்க விரும்புகிறவர் பிச்சாவரம்தான் வர வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பயிற்சி பயனுள்ளது. வந்ததை வெளியே தள்ளுவது, வாசலிலேயே தடுப்பது, தொல்லை குறைந்த இடம் பார்த்து நிற்பது என மூன்று வழிகள் ஒரே சேற்றில் இருக்கின்றன. தன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வழியைத்தான் வலிமை என்று எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் வாசலில் தடுக்க முடியாததைத் தோல்வியாக எழுதுகிறார்கள். வெண்கண்டலின் பக்கத்தில் அந்த வாக்கியம் நிற்காது.

வெட்டு விழுந்தால் என்ன ஆகிறது என்பதும் மரத்துக்கு மரம் வேறுபடுகிறது. வெண்கண்டலை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். முதிர்ந்த சுரபுன்னையை வெட்டினால் பெரும்பாலும் தழைக்காது. பழைய மரத்தில் துளிர்க்கக் காத்திருக்கும் மொட்டுகள் அதற்கு இல்லை. அந்த இனம் திரும்பி வருவது கன்றுகள் மூலமாகத்தான். ஆகவே ‘மரம் வெட்ட வெட்டத் துளிர்க்கும்’ என்று பொதுவாக எழுதியவர், எந்த மரம் என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மீட்சி சிலருக்குப் பழைய அடியிலிருந்து வருகிறது. சிலருக்கு அடுத்த தலைமுறையில்தான் வருகிறது.

வெட்டப்பட்ட காடும் வாய்க்காலும்

இந்த அத்தியாயத்தின் மையமான பாடம் பிச்சாவரம் காடு அழிந்த விதத்திலும் மீண்ட விதத்திலும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை, விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய பகுதியில் காடு தானாக வளர்ந்துவிடும் என்பது அன்றைய கணக்கு. பல இடங்களில் வளரவில்லை. கால்நடை மேய்வது, ஊர்மக்கள் விறகு ஒடிப்பது என்று வெளிப்படையாகத் தெரிந்த காரணங்களின் மேல் பழி விழுந்தது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து மேற்கொண்ட பணியில் மண்ணின் பக்கம் கவனம் திரும்பியது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்திருக்கிறது. ஈரம் ஆவியாக, மண் அமிழ்ந்து, வெட்டிய இடம் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் காய்ந்து உப்பாக, அந்த உப்பின் மேல் அடுத்த ஓதம் வந்து தேங்க, ஆண்டுக்காண்டு உப்பு ஏறி உமரி போன்ற செடிகளைத் தவிர வேறெதுவும் தாங்காத நிலமாயிற்று. விதை வராததால் வந்த வெறுமை அல்ல அது. வந்த விதை பிழைக்க முடியாத மண்ணாகிவிட்டிருந்தது.

ஆகவே கன்று நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கை ஓடையிலிருந்து சாய்வாக ஒரு தலைவாய்க்கால், அதன் இருபுறமும் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். நீர் வந்து போகத் தொடங்கியதும் தேங்கியிருந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப்போனது. பிறகுதான் வாய்க்கால் சரிவுகளில், பெரும்பாலும் வெண்கண்டலை, நட்டார்கள். வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துபோகக்கூடியவை; தூர்வாரும் வேலை தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கிறது. மொட்டைத் திட்டுகளாகக் கிடந்த பல இடங்கள் இன்று படகிலிருந்து பார்த்தால் பழைய காட்டிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கின்றன. மரங்கள் நேர்கோட்டில் நிற்பதைக் கவனிக்கிறவருக்கு மட்டும் அவை நட்டவை என்று தெரியும்.

குறிப்பேட்டுக்காரருக்கு இதில் உள்ள செய்தி, அறிவுரைப் புத்தகங்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று. மீள்திறன் மரத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. நல்ல விதையும் நல்ல கன்றும் அந்தக் குழியில் பலமுறை செத்திருக்கும். தண்ணீர் வந்துபோக வழி கிடைத்த பிறகு அதே இனம் காடாகியிருக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் ‘மனதைத் திடப்படுத்திக்கொள்’ என்று மட்டும் சொல்வது, வாய்க்கால் வெட்டாமல் கன்று நடும் வேலை.

இதை ஒட்டிய பயிற்சி சற்று நீளமானது. வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். தன் வாழ்வில் திரும்பத் திரும்ப முயன்றும் வேரூன்றாத ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில், அது தோற்றபோது யார்மேல் பழி போடப்பட்டது என்று எழுத வேண்டும். அடுத்து, ஓதம் எங்கே தேங்குகிறது என்ற கேள்வி: கடன், தூக்கமின்மை, ஒரு வீட்டுக்குள் பேசப்படாத விஷயம், வேலைக்குப் போய்வரவே அழியும் நேரம், இப்படி ஏதாவது ஒன்று நாள்தோறும் வந்து வெளியேறாமல் நிற்கக்கூடும். மூன்றாவதாக, அதற்கு வாய்க்கால் வெட்டத் தனியாளால் முடியுமா, எத்தனை கை வேண்டும், யாரை அழைப்பது என்று பெயர்களோடு எழுத வேண்டும். இந்த மூன்றாவது பகுதியில்தான் பலரும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அப்படி நின்ற இடத்தில் தேதி போட்டு விட்டுவிட்டு, பிறகு தொடரலாம்.

அதே ஓடைகளில் இருளர்கள், ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கைகளால் துழாவி இறால் பிடிப்பதைக் காணலாம். காட்டை மீட்டதில் அவர்கள் உழைப்பும் உண்டு, அதன் இறாலை நம்பி வாழ்வதும் அவர்களே. அவர்களைப் பற்றி எழுதுகிறவர், எளிய வாழ்க்கையின் நிறைவு என்று எழுதிவிட்டுப் போகாமல், கையில் வலையோ படகோ இல்லாததன் விலை என்ன என்பதையும் எழுத வேண்டும்.

பாடத்தைச் சோதிப்பது

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிச்சாவரம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் தப்பின, வெளிக் கடற்கரையில் இருந்தவை அழிந்தன என்பது செய்தி. கடலூர்க் கடற்கரையை வைத்து 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு, பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியலர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் தாவரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளையே மறுபடி அலசி, கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே பெரும் வேறுபாட்டை விளக்கிவிடுவதாகவும், காட்டின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்றும் வாதிட்டார்கள்.

குறிப்பேடு எழுதுகிறவருக்கு இந்த விவாதம் ஒரு நல்ல முன்மாதிரி. தப்பித்தவர் தன் துணிவால் தப்பினார் என்று எழுதுமுன், அவர் மேட்டில் இருந்தாரா என்று கேட்க வேண்டும். தன்னைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வி இன்னும் அவசியம். தாக்குப்பிடித்த ஒரு காலத்தைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், அப்போது தனக்கு இருந்த ‘தூரம், உயரம்’ எவை என்று ஒரு வரி எழுதலாம்: சொந்த வீடு, சம்பளம் நிற்காத வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த வரி பெருமையைக் கொஞ்சம் குறைக்கும். தாக்குப்பிடிக்க முடியாமல்போன மற்றவர்மீது இருக்கும் ஏளனத்தையும் குறைக்கும்.

முந்திரி, பனை, நெல்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒட்டு முந்திரி நட்டால் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். சாய்ந்துபோன முதிய பலாவின் இடத்தை ஒரு கன்று நிரப்ப ஒரு தலைமுறை வேண்டும். ஆகவே ‘தோப்பு மீண்டது’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு கால அளவுகள். எழுதுகிறவர் தன் இழப்பு முந்திரியா பலாவா என்று பிரித்துப் பார்ப்பது, தன்னையே அவசரப்படுத்திக்கொள்வதைத் தவிர்க்க உதவும். புயலில் பனை நிற்கும் என்பது கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்தது. கிளையில்லாத ஒற்றை நெடுமரம், மண்ணை இறுகப் பற்றும் நார்வேர்க் கற்றை. ஆனால் பனை காய்க்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரம் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவிட வேண்டும்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. வடிகால் நிரம்பினால் சம்பா நாற்று நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். மூழ்கிய நெல் பொதுவாகத் தண்ணீருக்கு மேலே வர அவசரமாக நீளும். சேமிப்பைக் கரைத்துவிட்டு, நீர் வடியும்போது துவண்டு சாயும். ஒடிசாவின் பழைய இரகம் ஒன்றிலிருந்து எடுத்து, சி.ஆர். 1009 உள்ளிட்ட இரகங்களில் சேர்க்கப்பட்ட ‘சப் 1’ மரபணு, இதற்கு நேர்மாறாக வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படி அடங்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் பயிர் தொடர்கிறது. வெள்ளம் வடியக்கூடியதாக இருந்தால் இது பிழைக்கும் வழி. மாதக்கணக்கில் நீர் நிற்கும் ஆழ்நீர் நிலத்தில் நீளும் நெல்தான் பிழைக்கும். வெள்ளம் எத்தகையது என்று தெரியாமல் எந்த வழி சரி என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் வயலோரம் நின்று எழுதுகிறவர், மூழ்கிய நாள், நீர் வடிந்த நாள், நடுக்குருத்தின் நிறம் ஆகிய மூன்றையும் குறித்தால் போதும்.

எழுத்து தாங்காத நேரம்

துயரத்தை எழுதுவதால் என்ன பலன் என்று அமெரிக்க உளவியலர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு பேர்பெற்றது. நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனதைப் புண்படுத்திய நிகழ்ச்சியையும் அதையொட்டிய உணர்ச்சியையும் எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. பின்வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவும் ஆளுக்கு ஆள் மாறுவதாகவும் காணப்பட்டது. எனவே எழுத்தை மருந்தென்று நம்பி அளவு கூட்டக் கூடாது.

இயற்கைக் குறிப்பேட்டுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உரி தாங்க முடியாததாகும்போது கருவுக்குத் திரும்பிவிடலாம். நண்டு வளையை எண்ணலாம், ஈரக்கோட்டை அளக்கலாம். அதுவும் முடியாத நாளில் நோட்டை மூடிவைத்துவிட வேண்டும். எழுத எழுதத் தூக்கம் கெடுவதும், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வருவதும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். புயலில் வீடு இழந்தவர்களிடமோ அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடமோ இந்தப் பயிற்சிகளை உடனே நீட்டக் கூடாது. அவர்களுக்கு முதலில் தேவை கூரையும் சோறும் கூட இருக்க ஆளும். பள்ளிப் பசுமைப் படையில் குழுவாக எழுத வைக்கும் ஆசிரியர்கள் முதலையும் கருவையும் உரக்கப் படிக்கச் சொல்லலாம்; உரியைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

திரும்பப் படிப்பது

எழுதிய உடனே படித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. கோடை, ஆடிக் காற்று, மழை, பனி என ஒரு சுற்று முடிந்த பிறகு நோட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். அப்போது இரண்டு நிறப் பென்சில்கள் போதும். பிற்பாடு நேரில் பார்த்ததில் பொய்யாகிப்போன பாடங்களுக்கு ஒரு நிறம். முன்பு எழுதாமல் விட்டு, இப்போது முக்கியமாகப்படும் விவரங்களுக்கு இன்னொரு நிறம். பொய்யான பாடங்களை அடித்துவிடக் கூடாது, பக்கத்தில் தேதி போட்டு என்ன மாறிற்று என்று எழுதினால் போதும். ஒடிந்த கிளையிலிருந்து வந்த மூன்று தளிரில் இரண்டு கோடையில் காய்ந்திருக்கலாம். அதையும் எழுத வேண்டும்.

நிலத்தைப் பற்றிய குறிப்புகள், உரியை நீக்கிவிட்டுப் பார்த்தால், பிறருக்கும் பயன்படும். தில்லை இலை எந்த வாரத்தில் சிவந்தது, எந்த ஓடை மண்மூடியது, எந்தத் திட்டில் கன்றுகள் கருகின என்பதைத் தேதியோடு வைத்திருப்பவர்கள் ஊரில் சிலரே. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் வனத்துறை அலுவலகமும் அருகிலேயே இருக்கின்றன. ஐந்தாறு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்த பிறகு ஒரு படி எடுத்து அங்கே கொடுக்கலாம். கடைப் பெயர்ப் பலகையைப் பற்றிய வரிகளைத் தனித் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால், இரண்டையும் பிரிப்பது எளிது.